மூல வடிவம் எது? ஒரு ஜெர்மானியக் காரும் சிவாஜிநகர்ப் பட்டறைகளும்

பழைய கார்களைப் பற்றிய பேச்சு இந்நாட்டில் பெரும்பாலும் உரிமையாளரின் பெருமையோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. அக்காரை ஓடும் நிலையில் வைத்திருக்கும் கைகளைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளே இதற்குச் சான்று. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, பெருமளவு மாற்றியமைக்கப்படாத வாகனத்துக்கே தனிப் பதிவெண் கிடைக்கும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றம் அத்தகுதியைப் பறித்துவிடும். மூல வடிவம் என்பது கேட்பதற்குத் தெளிவான சொல்தான். ஒரே ஒரு காரின் உற்பத்தி வரலாற்றைப் புரட்டினாலும் அத்தெளிவு கலைந்துவிடுகிறது.

பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் முதல் 6 வரிசைக் கூப்பேயை எடுத்துக்கொள்ளலாம். இரு கதவுகள் கொண்ட இந்தச் சொகுசுக் காரைப் பால் பிராக் வடிவமைத்தார். 1976இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 1989 வரை உற்பத்தியில் இருந்தது. மொத்தம் 86,000க்கும் சற்று மேற்பட்ட கார்கள் உருவாயின. தொடக்கத்தில் உடற்கூட்டைக் கார்மன் நிறுவனம் கட்டியது. 1977இல் அப்பணி பி.எம்.டபிள்யூவின் டிங்கோல்ஃபிங் ஆலைக்கு மாறியது. 1982இல் வெளித்தோற்றம் ஏறத்தாழ அப்படியே இருக்க, அடித்தளமும் சஸ்பென்ஷனும் புதிய 5 வரிசைக் காரினுடையவை ஆயின. பெயரும் முகமும் மாறவில்லை. உள்ளே இருந்தது வேறு வண்டி.

விளையாட்டுத் தேர்வுகள் என நிறுவனம் விற்றவை இச்சிக்கலை மேலும் பெருக்கின. 1978இல் வந்த 635 சி.எஸ்.ஐ. 218 குதிரைத்திறன் கொண்டது. முன்னும் பின்னும் காற்றுத் தடுப்புப் பட்டைகளோடு வந்தது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், பக்கவாட்டில் உடலைப் பற்றிப்பிடிக்கும் இருக்கைகள் போன்றவற்றை வாங்குவோர் தனியே கேட்டுப் பெறலாம். 1983இல் அறிமுகமான எம் 635 சி.எஸ்.ஐ., எம்1 காரின் எஞ்சின் மரபில் வந்த 24 வால்வு எஞ்சினோடு 286 குதிரைத்திறனை எட்டியது. ஆகவே ஒரே ஆண்டில் பிறந்த இரு கார்களுக்கும்கூட மூல வடிவம் ஒன்றாக இருப்பதில்லை.

டயரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இக்கார்கள் பலவற்றில் மிஷெலின் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ். டயர்கள் இருந்தன. அவற்றின் சக்கரம் அங்குலக் கணக்கில் அமையாமல் 390 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. வழக்கமான டயர் எதுவும் அதில் பொருந்தாது. இன்று அந்த டயர் அரிது, விலையும் மிகுதி. உரிமையாளர் அங்குலச் சக்கரத்துக்கு மாறினால் காரின் மூலத்தன்மை கெடுகிறதா, அல்லது அதன் ஆயுள் நீள்கிறதா?

ஜெர்மனி இவ்வினாவுக்கு 1997லேயே விடை கண்டது. அங்கே 30 ஆண்டு நிறைந்த, நன்கு பேணப்பட்ட காருக்குச் சிறப்புப் பதிவெண் கிடைக்கும். அக்காலத்துக்கே உரிய மாற்றங்கள் குறையாகக் கருதப்படுவதில்லை; தகுதியை நேரில் ஆராய்ந்து முடிவுசெய்பவர் வல்லுநர்.

பெங்களூரு சிவாஜிநகரின் உழைப்பை எடைபோட வேண்டியது இந்தப் பின்னணியில்தான். முன்பு பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதியில், 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் சந்தையைச் சூழ்ந்த தெருக்களில் தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. அத்தெருக்களின் குஜிரிக் கடைகளில், பிரிக்கப்பட்ட வண்டிகளின் பாகங்கள் மறுவாழ்வு பெறுகின்றன. நிறுவனம் கைவிட்ட பாகத்துக்கு நிகரானதை வேறொரு வண்டியில் அடையாளம் காண்பது, தேய்ந்த புஷ்ஷை அளந்து லேத்தில் கடைந்தெடுப்பது, துருவேறிய தகட்டை வெட்டிப் பழைய வளைவு மாறாமல் தட்டி ஒட்டவைப்பது ஆகியவை ஏட்டில் எழுதப்படாத கல்வி. விதியின் சொற்களை இறுக்கமாகப் படித்தால், காரை மீட்ட அந்தத் தகட்டு வேலையே அதன் தகுதிக்கு எதிரான சான்றாகிவிடக்கூடும்.

பழைய பாக வணிகத்தில் திருட்டு வண்டிகளும் கலக்கின்றன என்பார்கள். அந்த ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆனால் அதற்கு மருந்து கடைகளை மூடுவதன்று. ஒவ்வொரு பாகமும் எவ்வண்டியிலிருந்து வந்தது என்னும் பதிவேட்டைக் கட்டாயமாக்குவதே.

இதைவிடப் பெரிய சிக்கல் இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. மரபுத் தகுதிக்கோ 50 ஆண்டு வேண்டும். 1989இல் பதிவான கூப்பே அத்தகுதியை 2039இல்தான் பெறும். அதுவரை அது வெறும் பழைய வண்டி. இறக்குமதிக் காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 15,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது. அந்த 35 ஆண்டுகளைத் தாண்ட முடியாத கார்கள் பழைய இரும்பாகும். அவற்றைச் செப்பனிடக் கற்ற கைகளும் வேறு தொழில் தேடும்.

எனவே மரபுத் தகுதிக்கான வயது 30 ஆகக் குறைய வேண்டும். தொழிற்சாலை வழங்கிய எல்லாத் தேர்வுகளும் மூல வடிவின் பகுதியாக ஏற்கப்பட வேண்டும். பழுதுநீக்கத்துக்கும் மாற்றியமைப்புக்கும் இடையிலான எல்லையை விதியே வரையறுக்க வேண்டும். வேலையைச் செய்த பட்டறையின் பெயரோடு கூடிய பணிக்குறிப்பு சான்றாவணமாக மதிக்கப்பட வேண்டும். காரின் வரலாறு டிங்கோல்ஃபிங் ஆலையோடு முடிவதில்லை. சிவாஜிநகரின் தகட்டுத் தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி உண்டு.