"பயம் ஒரு வியாதியா?" என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் டீக்கடையில் ஒரு பேச்சு. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருவர் சொன்னார்: "இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் டென்ஷன். நாம பார்க்காத கஷ்டமா அண்ணாச்சி? பயம்லாம் ஒரு வியாதியா?" சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் என் வீட்டுக்குள் சொல்லியிருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ராத்திரி முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் வடிந்துவிட்டது. என் வீட்டம்மாவின் பயம் வடியவில்லை. வானம் கறுத்தால் போதும், ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். பிறகு மழையே இல்லாத ஒரு ராத்திரி, நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, விரல் மரத்து, "நான் போயிருவேங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி சரியாக இருந்தது. இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை நான், "ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சு, சும்மா ஊரைக் கூட்டாத" என்று சத்தம் போட்டேன். அதோடு அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ராத்திரியில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து நடுங்கியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்த மகள் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நான் உட்பட யாருமே கண்டுபிடிக்காததை அவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்.

அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பதற்ற நோய் என்பது ஒன்றல்ல, பல வகை. திடீரென்று வந்து சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, செத்துவிடுவோம் என்று தோன்றவைப்பது பீதி நோய். என் வீட்டம்மாவுக்கு வந்தது அதுதான். அடுத்து எப்போது வருமோ என்ற பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். அந்தப் பயத்தில் பஸ், சந்தை, கோயில் கூட்டம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்து வீட்டோடு முடங்குவது இன்னொரு வகை. ஆறு மாதத்துக்கு மேலாக, பிள்ளை, பணம், உடம்பு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகிப்போவது பொதுவான பதற்ற நோய். நாலு பேர் முன்னால் பேசவோ சாப்பிடவோ முடியாமல் கூசுவது சமூக அச்சம். உயரம், ஊசி, நாய், இடி என்று ஒரே ஒரு பொருளைக் கண்டு மிரள்வது தனி அச்சம்.

"அப்படிப் பார்த்தால் எல்லாருமே நோயாளிதானே?" என்பீர்கள். இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் பயப்படத்தான் வேண்டும். புயல் போன பின்னும் பயம் போகாமல், வேலையையும் தூக்கத்தையும் உறவையும் கெடுத்தால்தான் அது நோய்.

"நம் முன்னோர்கள் பயந்தார்களா?" என்பது அடுத்த கேள்வி. பயந்தார்கள் ஐயா. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடற்கரை இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். மூச்சை அடக்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு பாருக்கு இறங்கிய அந்தக் குளியாளிகள், சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' கரையில் இல்லாவிட்டால் இறங்க மறுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரக்காரருக்குப் போனதாகச் சொல்கிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு ஒரு குளியாளியின் பயத்தைக் கேலி செய்யாமல், அதற்கென்று ஒரு ஆளை வைத்துக் கூலியும் கொடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? "பயந்தாங்கொள்ளி" என்கிறோம்.

கேலியோடு நிறுத்துகிறோமா? தாயத்துக் கட்டுகிறோம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து அதற்கே அடிமையாக்குகிறோம். நம் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களுக்கு இருந்தது வேறு நோய்களாக இருக்கலாம். ஆனால் மனதுக்கு வந்ததை மறைக்க வேண்டும் என்ற வெட்கம் ஒன்றுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. இந்த 85-ல் என்னைப் போன்ற கணவன்மார்களின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

சிகிச்சை ஒன்றும் மாயம் இல்லை. முதலில் இதயத்தையும் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். நெஞ்சுவலி வந்தால் "பயம்தான்" என்று நாமே முடிவு கட்டக்கூடாது. அவை சரி என்றான பிறகு பேச்சுச் சிகிச்சை. பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரை. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு "பலிக்கவில்லை" என்று சொல்லக்கூடாது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை எண், தமிழிலும் பேசலாம்.

என் வீட்டம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். மழை வந்தால் பத்திரத்தை மட்டும் இன்னும் எடுத்து மாடியில் வைக்கிறாள். அதில் தப்பில்லை, நானும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த அடுப்படி ராத்திரிகளுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டீக்கடைச் சிநேகிதரே, உங்கள் வீட்டிலும் ராத்திரி யாராவது எழுந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால், "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.