ஆக்குபேஷனல் தெரபிக் கல்வியும் சர்க்காரின் கடமையும்

வைத்தியக் கல்வி என்றால் எம்.பி.பி.எஸ். ஒன்றே என்று கருதுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அது கிட்டாத மாணவர்கள் மனமுடைந்து நிற்பதை வருஷந்தோறும் காண்கிறோம். அத்தகையோரும் அவர்களுடைய பெற்றோரும் அதிகமாகக் கேள்விப்பட்டிராத ஒரு படிப்பைக் குறித்தும், அதைப் படித்தவர்கள் விஷயத்தில் சர்க்கார்கள் காட்டிவரும் மந்தத்தைக் குறித்தும் இன்று எழுத விரும்புகிறோம்.

ஆக்குபேஷனல் தெரபியைத் தொழிற் சிகிச்சை என்று மொழிபெயர்த்தது ஒரு துரதிர்ஷ்டமே. கூடை முடையக் கற்பிக்கும் வித்தை போலும் என்று ஜனங்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மனிதன் அன்றாடம் செய்யும் ஒவ்வொரு காரியமும் இங்கே தொழில்தான். பக்கவாதத்தால் வலக்கை விழுந்தவர் இடக்கையால் சட்டைப் பொத்தானை மாட்டவும், பிடி தடித்த கரண்டியால் தாமே உண்ணவும், துணையின்றிக் கழிப்பிடம் சென்று வரவும் பழக்குவது இது. மூளைவாதமுள்ள குழந்தை பென்சில் பிடிப்பதும், ஆட்டிசமுள்ள சிறுவன் வகுப்பின் இரைச்சலைச் சகித்து உட்காருவதும் இதன் எல்லைக்குட்பட்டவையே. வைத்தியர் உயிரைக் காப்பாற்றி அனுப்பிய பின்னர், ஒருவன் திண்ணையில் கிடந்து காலங்கழிப்பதா, எழுந்து பிழைப்பதா என்பதைப் பல சமயங்களில் இச்சிகிச்சையே நிர்ணயிக்கிறது.

இது நமக்குப் புதிதன்று. அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-ம் வருஷத்திலேயே பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கெனப் பள்ளி தொடங்கினார். 1952-ல் உலக சம்மேளனம் அமைந்தபோது அதை ஸ்தாபித்த பத்து தேசங்களில் இந்தியாவும் ஒன்று. நம் வேலூரில், 1954-ம் வருஷத்து மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். அங்கு 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்படுவதற்கும் அவரே காரணமாயிருந்தார்.

நான்கு வருஷப் பாடமும் அதன்பின் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கொண்டது இப்பட்டம். சரீர சாஸ்திரம், மனோதத்துவம், கைக்குப் பட்டை அமைக்கும் வேலை யாவும் கற்க வேண்டும். நோயாளிகளிடையே ஆயிரம் மணி நேரமாவது பழகியிருக்க வேண்டுமென்பது உலக சம்மேளனத்தின் நியதி. ஆஸ்பத்திரி, மனநோய் நிலையம், விசேஷப் பள்ளி, முதியோர் இல்லம், தொழிற்சாலை ஆகிய இடங்களிலெல்லாம் இவர்களுக்கு வேலையுண்டு, சொந்தமாகவும் நடத்தலாம். கடல் கடந்து செல்வோரும் பலர். அவர்களைக் குறை கூறுவோர், இங்கே அவர்களுக்கென்று எத்தனை நாற்காலிகள் போட்டிருக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டத்தில் குறைவில்லை. 2021-ம் வருஷத்துச் சட்டம் இத்தொழிலைத் தனிப் பிரிவாகவே அட்டவணையில் சேர்த்தது. ஆறு மாதத்திற்குள் ராஜ்யந்தோறும் கௌன்சில் அமைக்க வேண்டுமென்றும் விதித்தது. ஆறு மாதமாவது! மூன்று வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுக் கெடு வைக்க நேர்ந்தது. சட்டசபையில் கைதூக்கியவர்களுக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் இருந்ததா என்று சந்தேகிப்பது நியாயமேயாகும்.

கௌன்சில் அமைந்தாலும் அது பெயர்ப் பதிவோடு நின்றுவிடும். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் உடற்குறையோ மனக்குறையோ உள்ளவர்களாகக் காணப்பட்டோர் 2 கோடி 68 லட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். பட்டணத்துத் தனியார் நிலையத்தில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த அவர்களால் ஆகுமா? ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் பள்ளிகளிலும் ஸ்திரமான பதவிகளை ஏற்படுத்தினாலன்றி, படிப்பு ஒருபுறமும் நோயாளி ஒருபுறமுமாகவே நிற்பார்கள்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் இப்பதவி உண்டா, உண்டாயின் அதில் ஆள் இருக்கிறாரா, எத்தனை நாளாகக் காலி என்று 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். கட்டணம் பத்தே ரூபாய். வரும் பதிலை நமக்கு அனுப்பினால், ஜில்லாவாரியாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.