மறைக்கப்படும் குழந்தைகள்

எமது சமூகத்தில் கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கோவில் திருவிழா என மண்டபங்கள் நிறைகின்றன. ஆயினும் அங்கே சில குழந்தைகளை மட்டும் நாம் காண்பதில்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் வீட்டில் நிற்கிறா" என்று தகப்பன் சமாளிப்பார். அப்பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. இருப்பது ஓட்டிசம்.

அக்குடும்பத்தை ஒளிந்து வாழச் செய்பவை எமது வாய்ச்சொற்களே. "முற்பிறவி வினை" என்பார் ஒருவர். "தாய் வேலைக்கு ஓடியதால் வந்தது" என்பார் இன்னொருவர். தாயைப் பழிக்கும் வழக்கம் மேலைநாட்டு வைத்தியரிடமும் இருந்ததே. 1943இல் அமெரிக்காவில் லியோ கனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே காரணமென நெடுங்காலம் நம்பப்பட்டது. அத்தகைய பிள்ளையொன்றின் தந்தையான உளவியலாளர் பேர்னாட் றிம்லாண்ட் 1964இல் அதை மறுத்து நூல் எழுதினார். பரம்பரையின் பங்கினை 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2010இல் மீளப்பெறப்பட்டது. எமது பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

அகதிக் குடும்பங்களுக்கு வேறோர் அச்சமும் உண்டு. பிள்ளையின் குறை வெளியே தெரிந்தால் தஞ்சக் கோரிக்கை பாதிக்கப்படுமோ என அஞ்சி, பரிசோதனையையே தள்ளிப்போடுகின்றனர். பிரித்தானியக் குடிவரவு விதிகளில் அரச பாடசாலைக் கல்வி "பொது நிதி" எனக் கணிக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையின் விசேட கல்வித் தேவைகளை மதிப்பிடுமாறு பெற்றோரே உள்ளூராட்சிச் சபையைக் கேட்கலாம். சபை 6 வாரங்களுக்குள் பதிலளித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. ஊனமுற்றோர் உதவிப்பணம் பொது நிதியைச் சார்ந்தது. அதற்கு விண்ணப்பிக்குமுன் சட்டத்தரணியிடம் கேட்பது நன்று.

"வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரையையும் பலர் கேட்டிருப்பர். இரு மொழி கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி அதனால் பின்தங்குவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழைப் பறித்தால், ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையிலான உறவே அறுந்துபோகும்.

பிரித்தானியாவின் தேசிய ஓட்டிசச் சங்கம் 1962இல் லண்டனில் ஒரு சில பெற்றோரால் தொடங்கப்பட்டது. பிள்ளைகளை ஏற்கப் பாடசாலைகள் இல்லாத அந்நாளில், 1965இல் ஈலிங்கில் தாமே ஒரு பாடசாலையைத் திறந்தனர். எம்மவர் இன்று கனகதுர்க்கை அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அதே ஈலிங்தான். கோவில்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் கொண்ட எமக்கு இது இயலாததா? ஒலிபெருக்கியின் இரைச்சல் எட்டாத ஓர் அறை, சபைக்கு எழுதவேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித்தர ஒருவர், களைத்த தாய்க்கு இரண்டு மணி நேர ஓய்வு: இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

அடுத்த அழைப்பிதழைக் கொடுக்கும்போது "பிள்ளையையும் கூட்டி வாருங்கள்" என்று சொல்வோம். அப்பிள்ளை மண்டபத்தில் கத்தினால், திரும்பிப் பார்த்து முகஞ்சுளிக்காதிருப்போம். அக்குடும்பம் எம்மிடம் முதலில் வேண்டுவது அவ்வளவே.