டயரை மழைக்காகத் தேர்ந்தெடுங்கள்



இன்று நம் நாட்டில் பல குடும்பங்கள் விரும்பி வாங்கும் கார் வகை ஒன்று உண்டு. பார்வைக்கு ஜீப் போல உயரமாக இருக்கும். ஆனால் அதன் அடிப்படை அமைப்பு சாதாரணக் காருடையதே. இதனைக் 'கிராஸ்ஓவர்' என்பார்கள். அத்தகைய கார் ஒன்று உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கலாம். சில ஆண்டுகள் ஓடியபின் அதற்கு டயர் மாற்ற வேண்டிய நாள் வரும். அன்று கடையில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "என்ன விலை?" என்பது ஒன்று. "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது மற்றொன்று.

இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "நனைந்த சாலையில் இந்த டயர் எப்படிப் பிடிக்கும்?" என்பதே அது. இதுவே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஓடும் காரை நிறுத்துவது எது? பிரேக் என்பீர்கள். சற்றுச் சிந்தியுங்கள். பிரேக் சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே தடுக்கிறது. ஒரு பொருளின் வேகம் மாற வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு விசை அதன்மேல் செயல்பட வேண்டும் என்பது நியூட்டனின் விதி அல்லவா? காருக்கு வெளியே இருப்பது சாலை. சாலை டயரின்மேல் செலுத்தும் உராய்வு விசைதான் காரை நிறுத்துகிறது. வண்டியில் எத்தனை நவீன பிரேக் சாதனங்கள் இருந்தாலும், டயர் தரக்கூடிய உராய்வை நன்கு பயன்படுத்த அவை உதவுமே தவிர, அதற்குமேல் ஒரு துளி உராய்வையும் உண்டாக்கமாட்டா.

அந்த உராய்வு எவ்வளவு பரப்பில் நிகழ்கிறது என்று கணக்கிடுவோம். ஆட்களும் மூட்டை முடிச்சுகளுமாகக் காரின் எடை 1600 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 400 கிலோகிராம். பெட்ரோல் பங்கில் 33 என்று சொல்லிக் காற்றடிக்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோகிராம். எடையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 170 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு பெரியவரின் கையளவு இடம் அது. நான்கு சக்கரங்களையும் கூட்டினாலும் ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய பரப்புதான். உங்கள் குடும்பம் முழுவதும் அந்தத் தாளை நம்பித்தான் பயணம் செய்கிறது!

இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அகலமான டயர் போட்டால் தரையில் படியும் இடத்தின் வடிவம் மாறும். பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அழகுக்காக அகல டயர் மாட்ட நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடலாம். "உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததன்று என்று படித்தோமே! அப்படியானால் மொட்டை டயரும் புதிய டயரும் ஒன்றுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரப்பர் அந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படாத பொருள். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து புகுந்து பிடிக்கக் கூடியது. ஆனாலும் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. காய்ந்த சாலையில் வரிப்பள்ளம் இல்லாத டயரும் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் வறண்ட நாளில் வழவழப்பான டயருடன் ஓடுவது இதனால்தான். அப்படியென்றால் நம் டயரில் பள்ளங்கள் எதற்கு? தண்ணீருக்காகத்தான். மழை பெய்யும்போது இரப்பரையும் சாலையையும் பிரிக்கப் பார்க்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை.

அந்த வாய்க்காலின் வேலை சாதாரணமானதன்று. சாலையில் 3 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 22 மீட்டர். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு வினாடியும் 14 லிட்டர் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர்! பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் போவதற்கு வழியில்லை. அப்போது டயர் நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

இந்த மிதப்பைப் பற்றி அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1963-இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவுக்கு நீர் நிற்கும்போது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அந்த விதி. அதன்படி 33 பவுண்டு அழுத்தத்தில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். காற்று இறங்கி 25 பவுண்டு ஆகிவிட்டால் 83 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் கார்கள் சாதாரணமாகச் செல்லும் வேகமே அது. காற்றைச் சரிபார்க்க ஆகும் ஐந்து நிமிடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது விளங்குகிறதல்லவா?

மிதக்கும் அளவுக்கு நீர் இல்லாவிட்டாலும், ஈரச் சாலையில் டயருக்கு டயர் வேறுபாடு உண்டு. ஒரு காரில் ஈரத்தில் நன்கு பிடிக்கும் டயர்கள். உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றில் தேய்ந்த டயர்கள், குணகம் 0.4. இரண்டும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றாக பிரேக் பிடிக்கின்றன. நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை 2 × குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் என்பதால் வகுத்தால் வரும். முதல் கார் 42 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 63 மீட்டரில் நிற்கும். 21 மீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது காரின் வேகம் என்ன? இயக்க ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. எனவே வேகம் 80-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர்! அந்த இடத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் சாலையைக் கடந்துகொண்டிருந்தால்? முதல் கார் அவனைத் தொடாது. இரண்டாவது கார் 46 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

அப்படியானால் நீண்ட நாள் உழைப்பது, எரிபொருளை மிச்சப்படுத்துவது, ஈரத்தில் பிடிப்பது ஆகிய மூன்றும் ஒரே டயரில் கிடைக்காதா? இம்மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள். இரப்பர் நெளியும்போது ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. உருளும்போது இது வீண் செலவு. பிரேக் பிடிக்கும்போதோ இதுதான் நமக்குத் தேவை. நல்லவேளையாக இரண்டும் ஒரே வகை நெளிவல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. உருளும் நெளிவும் அத்தனை முறைதான். சாலையின் நுண்மேடுகளில் இரப்பர் வழுக்கும்போது ஏற்படும் அதிர்வுகளோ வினாடிக்குப் பல ஆயிரம். முதலாவதில் குறைவாகவும் இரண்டாவதில் அதிகமாகவும் வெப்பத்தை இழக்கும் கலவையே சிறந்த கலவை. கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்து இதைச் சாதித்த டயரை மிஷெலின் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்தது. ஆகவே நல்ல டயர் என்பது வெறும் கறுப்பு வளையம் அன்று. அதற்குள் வேதியியல் இருக்கிறது.

இந்தக் குணத்தைக் கடையில் எப்படி அறிவது? ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் ஒவ்வொரு புதிய கார் டயருக்கும் ஈரப்பிடிப்பின் தரத்தைக் காட்டும் சீட்டு உண்டு. நம் நாட்டிலும் உருள்தடை, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகியவற்றுக்கு டயர்கள் நிறைவேற்ற வேண்டிய அளவுகளை மத்திய அரசு 2022-இல் விதியாக அறிவித்தது. ஆனால் தேர்ச்சி பெற்ற மாணவர் அனைவரும் ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் அல்லரே! எனவே கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாங்குபவர் கேட்காத எதையும் விற்பவர் சொல்லமாட்டார்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் உள்ளன. டயரின் பக்கத்தில் 215/60 ஆர் 16 95 எச் என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 95 என்பது 690 கிலோகிராம் தாங்கும் என்பதற்கான குறி. எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம் வரை என்பது. காரின் கையேட்டில் கண்ட அளவையே வாங்கச் சொல்லுங்கள். தாங்கும் எடை அதைவிடக் குறையக் கூடாது. அருகிலேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயரை 'புதியது' என்று நம்பிவிட வேண்டாம். இரப்பருக்கும் முதுமை உண்டு.

பள்ளத்தின் ஆழத்தை வெர்னியர் காலிப்பரின் பின்முனையால் அளக்கலாம். புதிய டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்தின் அடியிலுள்ள சிறு திட்டுகள் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மிஞ்சியது 1.6 மில்லிமீட்டர்தான், அதற்குமேல் ஓட்டவே கூடாது. அதுவரை காத்திருப்பதும் சரியன்று என்பேன். ஐப்பசி அடைமழைக்கு முன் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் வந்துவிட்டால் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிந்தால்? "முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, புதியதை முன்னால் போடுங்கள்" என்பார் சிலர். புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரம் போல் சுழன்றுவிடும்.

இன்னொன்று. வண்டி ஜீப் போலத் தோன்றுகிறது என்பதற்காகக் காட்டுப்பாதைக்கான தடித்த பட்டன் டயர்களைப் போட்டு அழகு பார்ப்பவர்கள் உண்டு. சேற்றைக் கவ்வச் செய்த டயர், நனைந்த தார்ச்சாலைக்கென்றே செய்த நல்ல டயரைப் போலப் பிடிப்பதில்லை. ஆண்டில் எத்தனை நாள் அந்தக் கார் சேற்றில் ஓடுகிறது, எத்தனை நாள் தார்ச்சாலையில் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

"நல்ல டயருக்கு விலை அதிகமாயிற்றே!" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அந்தக் கவலை பொய்யன்று. ஆனால் கூடுதல் விலையை அந்த டயர் ஓடும் நாட்களால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டு கேட்கும் கருவிக்கும் இருக்கை உறைக்கும் செலவிட மனமிருந்தால், சாலையைத் தொடும் ஒரே உறுப்புக்குச் செலவிட ஏன் தயங்க வேண்டும்?

அடுத்த முறை டயர் வாங்கப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். உராய்வு விதியும் இயக்க ஆற்றலும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. விலையைப் பெரியவர்கள் கேட்கட்டும். மழையைப் பற்றி நீங்கள் கேளுங்கள்.