மறைக்க என்ன இருக்கிறது?

"தப்பு செய்யாதவனுக்குக் கூகுள்ல தேட என்ன பயம்?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். வேங்கைவயலைப் பார்த்த பிறகுமா?

2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம். குடித்தவர்கள் நம் மக்கள். முதலில் டி.என்.ஏ. சோதனைக்கு அழைக்கப்பட்டதும் பெரும்பாலும் அவர்களே. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையில் வந்ததும் நம்மவர் மூவர் பெயர்தான். ஊர் மறுத்தது. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே செல்போன் உரையாடலும் படங்களும் ஊடகங்களில் ஓடின. தீர்ப்பு வாட்ஸ்அப்பிலேயே எழுதப்பட்டது.

போனில் பேசியதற்கே இந்தக் கதி. தேடியது? வன்கொடுமைச் சட்டப் பிரிவு, சாதி மறுப்புத் திருமணப் பதிவு, கருக்கலைப்பு மாத்திரை... அம்மாவிடம்கூடச் சொல்லாததைத் தேடுபெட்டியில் தட்டுகிறோம். எல்லாம் தேதி, நேரத்தோடு நம் கணக்கில் கிடக்கிறது. இன்காக்னிட்டோவை நம்பாதீர்கள்: அதில் சேர்ந்த தரவுகளை அழிப்பதாக 2024இல் அமெரிக்க வழக்கொன்றில் கூகுளே ஒப்புக்கொண்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. பாதுகாப்பு யாருக்கு, தோழர்களே?

இன்றே கூகுள் கணக்கில் தேடல் வரலாற்றுப் பதிவை நிறுத்துங்கள். வழக்கு, மனு வேலைக்குக் கணக்கிலிருந்து வெளியேறி டக்டக்கோவில் தேடுங்கள். ஸ்டேஷனில் போனைக் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.