பக்கத்து டேபிள் பூகம்பம்

மஞ்சக்குப்பத்தில் டீக்கடைக்கு ஒரு பூகம்ப நிபுணர் உண்டு. எல்லாம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு உருவானவர்கள். எங்காவது பூமி ஆடியதாக டி.வி.யில் சொன்னால் போதும், "பெருசா ஒண்ணு ஆடித் தீர்த்துடுச்சு சார். இனிமே நூறு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று தீர்ப்பு வந்துவிடும். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்பத்தான் பயமாக இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குப் பூமிக்கடியில் என்ன வேலை என்பீர்கள். நம் ஆபீஸ்களில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது! ஒரு டேபிளில் வருஷக்கணக்காக ஃபைல் குவிகிறது. ஒருநாள் கிளார்க்குக்கு ஆவேசம் வந்து டேபிளைக் காலி பண்ணுகிறார். முக்கால்வாசி பைசல். மிச்சம்? பக்கத்து டேபிளுக்கு.

சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் நம் பக்கத்துத் தட்டு, எதிர்த்தட்டுக்கு அடியில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போனால் தேவலை. சிக்கிக்கொள்கிறது. அழுத்தம் சேர்கிறது. 2004-ல் அந்த விளிம்பு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, சுமார் 1,300 கிலோமீட்டர் கிழிந்தது. கிளம்பிய அலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் கொண்டுபோனது.

கிழிந்த இடத்தில் அழுத்தம் இறங்கியது. சரி, கிழிசல் போய் நின்ற முனையில்? அங்கே ஏறியது.

வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லோஸ்கியும் இரண்டு சகாக்களும் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டார்கள். கிழிசலை அடுத்த 50 கிலோமீட்டரில் 5 பார் வரை அழுத்தம் கூடியிருக்கிறது என்று விடை வந்தது. 5 பார் என்றால் கார் டயரில் அடிக்கிற காற்றைப் போல இரண்டரை மடங்கு. 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். பூமியின் கணக்கில் சில்லறைதான். ஆனால் அதை வாங்கிக்கொண்ட டேபிளைப் பார்க்க வேண்டாமா? நியாஸ் தீவை ஒட்டிய அந்தத் துண்டு அதற்கு முன் பெரிதாக உடைந்தது 1861-ல். 144 வருஷத்து ஃபைல் ஏற்கெனவே ஃபேனைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன்மேல் இன்னும் நாலு ஃபைல்!

அவர்கள் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது 2005 மார்ச் 17. பதினோராம் நாள், மார்ச் 28, நம் நேரப்படி ராத்திரி 9.40-க்கு நியாஸ் ஆடியது. ரிக்டர், கிக்டர் எல்லாம் கடந்து 8.6. சுமார் 1,300 பேர் பலி. மூன்றே மாசத்துக்கு முன் பிணம் தூக்கிய நம் கரையிலும் அன்று ராத்திரி எச்சரிக்கை வந்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். இந்தத் தடவை தூக்கிய தரையில் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் அடியில் இருந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை. பிழைத்தோம்.

துருக்கியிலும் இதே கதை. 1939-ல் எர்சின்ஜானில் ஆரம்பித்து, டேபிள் டேபிளாக மேற்கே நகர்ந்து, 1999-ல் இஸ்மித்தை வந்து அடித்தது. அந்த இடத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று 1997-லேயே எழுதி வைத்திருந்தார்கள்.

"அப்போ தேதி சொல்லிடலாமே?" என்பீர்கள். அதுதான் முடியாது. அதே மெக்லோஸ்கி கட்டுரை, சுமத்ராவுக்குள் ஓடும் இன்னொரு பிளவில் 9 பார் வரை கூடியிருப்பதாகச் சொன்னது. அங்கே நியாஸ் அளவுக்கு இதுவரை ஒன்றும் ஆடவில்லை. எந்த டேபிளில் பாரம் கூடியது, எதில் குறைந்தது என்று சொல்லலாம். கிளார்க்குக்கு என்றைக்கு ஆவேசம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, 'நாளை மாலை 6 மணிக்குப் பூகம்பம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தாராளமாக அழித்துவிடலாம்.

அழிக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடி 8.6. எச்சரிக்கை வந்தது, பெரிய அலை வரவில்லை. "சும்மா பயமுறுத்துறானுங்க" என்றார்கள் சிலர். சும்மா ஓடிய ஓட்டத்தில் நஷ்டம் ஒரு சாயங்காலம். ஓடாமல் இருந்ததில் என்ன நஷ்டம் என்பது 2004-லேயே தெரிந்துவிட்டது.

கடற்கரைக்காரனுக்குத் தேதி தேவையில்லை. மேற்கே போகிற ரோடு எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும்.