கடல் கொள்ளைக்கும் பிறந்த நாளா?

அமெரிக்காவில் தாம்பா என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1904-ம் ஆண்டு ஒரு திருவிழா தொடங்கினார்கள். கடல் கொள்ளைக்காரர் வேஷம் கட்டிய ஆட்கள் கப்பலில் வந்து இறங்குவார்கள். நகரத்து மேயர் ஊரின் சாவியை அவர்கள் கையில் கொடுப்பார். பிறகு என்ன? ஊர்வலம், பாட்டு, கூத்து, அமர்க்களம்!

யார் அந்தக் கொள்ளைக்காரன்? காஸ்பர் என்று பேர் சொல்கிறார்கள். அப்படி ஒரு ஆள் இருந்ததற்கே ஆதாரம் கிடையாது. வெறும் கட்டுக்கதை!

இல்லாத கொள்ளைக்காரனுக்கு விழா எடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நிஜமாகவே கொள்ளையில் பிழைத்த ஒரு ஊர் இருந்தால், அதன் பிறந்த நாளை எப்படிக் கொண்டாடுவது?

அப்படி ஒரு ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் தரங்கம்பாடி!

பொன் ஏட்டில் ஒப்பந்தம்

டென்மார்க் நாட்டில் 1616-ம் ஆண்டு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் முதல் கப்பல் இந்தப் பக்கம் வந்ததும் செய்த வேலை என்ன தெரியுமா? போர்த்துக்கீசியரின் கப்பல்களைத் தாக்கியதுதான். போர்த்துக்கீசியர் சும்மா இருப்பார்களா? காரைக்கால் அருகே அந்தக் கப்பலையே ஒழித்துக் கட்டிவிட்டார்கள்.

தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர் ரோலண்ட் கிராப்பே. அவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரைப் போய்ப் பார்த்தார். அப்புறம் டென்மார்க் கப்பற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே வந்து சேர்ந்தார். 1620 நவம்பர் 19-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

இந்த நவம்பர் 19-ஐத்தான் தரங்கம்பாடியின் பிறந்த நாள் என்கிறார்கள். 2020-ல் அதற்கு 400 வயது முடிந்தது.

வியாபாரம் போச்சு, கொள்ளை வந்தாச்சு!

கோட்டை கட்டியாச்சு. வியாபாரம்? அதுதான் ஓடவில்லை. ஐரோப்பாவில் யுத்தம். டென்மார்க்கில் இருந்து கப்பல் வருவது அருகிப் போயிற்று. கடன் ஏறியது. தஞ்சாவூருக்குக் கட்ட வேண்டிய குத்தகைப் பணமும் பாக்கி விழுந்தது.

1642-ம் ஆண்டு தரங்கம்பாடிக்காரர்கள் மொகலாயர் மீது யுத்தம் என்று அறிவித்தார்கள். டெல்லி மேல் படையெடுத்துப் போக அவர்களிடம் என்ன இருந்தது? வங்காளக் கடலில் போய், வருகிற போகிற வியாபாரக் கப்பல்களைப் பிடித்தார்கள். சரக்கை எடுத்துக் கொண்டார்கள்.

காகிதத்தில் அதற்குப் பேர் யுத்தம். கப்பலைப் பறிகொடுத்த வங்காளத்து வியாபாரிக்கு அது கொள்ளை!

1648-ல் கோட்டைக்குள்ளேயே கலகம். கவர்னர் லேயலைப் பதவியில் இருந்து இறக்கிவிட்டார்கள். கப்பல் பிடிக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. 1650-ல் டென்மார்க்கில் கம்பெனியே கலைந்து போயிற்று. இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655-க்குப் பிறகு கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர். எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்று பேர். சாதாரண ஆள்.

அந்த ஒற்றை ஆள், உள்ளூர் ஆட்களை வைத்துக் கொண்டு கோட்டையைப் பிடித்து நின்றார். கடலில் கப்பலைப் பிடிப்பார். அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டுவார். பாக்கி கேட்டு வந்த தஞ்சாவூர்ப் படையையும் சமாளித்தார். 1669-ம் ஆண்டு டென்மார்க்கில் இருந்து மறுபடி கப்பல் வந்து சேர்ந்தபோது, கோட்டையில் டென்மார்க் கொடி பறந்து கொண்டிருந்தது!

சினிமா எடுக்கலாம் போன்ற கதை. கெட்டிக்காரர் என்று மெச்சத் தோன்றும். மதில் எழுந்தது யார் பணத்தில் என்பதையும் சேர்த்துத்தான் மெச்ச வேண்டும். வங்காளத்தோடு சமாதானம் ஆனது 1698-ல்தான். அதுவரை 56 வருஷம் இந்தத் தகராறு தீரவில்லை.

சிவகிரிக்கு இதில் என்ன?

"தரங்கம்பாடி எங்கே, தென்காசி சீமை எங்கே? இந்தக் கதை நமக்கு எதுக்கு?" என்று சிவகிரி கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி கேட்கலாம்.

இருக்கிறது சங்கதி!

சிவகிரி ஒரு பாளையம். பக்கத்திலேயே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். இந்தச் சீமைப் பாளையக்காரர்களை இங்கிலீஷ் கம்பெனி அதிகாரிகள் எப்படி எழுதி வைத்தார்கள்? ஊரைக் கொள்ளையடிக்கிறவர்கள், கட்டுக்கு அடங்காதவர்கள் என்று! வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். அவர் மேல் மேஜர் பானர்மன் சுமத்திய குற்றங்களில் சிவகிரியும் வருகிறது. சிவகிரி பாளையக்காரரின் மகனுக்கு உதவியாக ஆயுதம் தாங்கிய ஆட்களை அனுப்பினார் என்பது அதில் ஒன்று.

நம்ம ஆட்களைப் பூஜை அறையில் வைக்க வேண்டும் என்பது பேச்சு இல்லை. அவர்களும் தங்களுக்குள் அடித்துக் கொண்டார்கள். சிவகிரிக்கும் சேத்தூருக்கும் சண்டை நடந்தது. கிராமத்து ஜனங்களிடம் காவல் வரியைக் கறாராக வசூலித்தார்கள். கொடுக்காதவன் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் ஒரு நியாயம் கேட்க வேண்டாமா? பாளையக்காரன் ஆள் அனுப்பினால் கொள்ளை. கம்பெனிக்காரன் கப்பல் அனுப்பினால் யுத்தம். முன்னவனுக்குத் தூக்குக் கயிறு. பின்னவனுக்குச் சரித்திரத்தில் ஒரு பக்கம். பட்டம் கொடுத்தவன் யார்? கணக்கு எழுதினவன் யார்? ஜெயித்தவனேதான்!

"கொள்ளைன்னா கொள்ளைதானவே! அதுல என்ன, வெள்ளைக்காரன் கொள்ளை, உள்ளூர்க்காரன் கொள்ளை?" என்று அண்ணாச்சி சொன்னால், அதுதான் சரியான தீர்ப்பு.

ஊர் அதற்கும் மூத்தது

இன்னொரு விஷயம். தரங்கம்பாடி பிறந்தது 1620-ல் இல்லை. கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. 1305-ம் ஆண்டு வாக்கில் கட்டியது. அப்போது ஊருக்குச் சடங்கன்பாடி என்று பேர். டேனிஷ் கப்பல் வருவதற்கு 300 வருஷம் முன்பே அங்கே ஊர் இருந்தது. சாமி இருந்தது. மீன் பிடித்த ஜனம் இருந்தது.

டேனிஷ்காரர் காலத்தில் நல்ல காரியமும் நடந்தது. மறுக்க வேண்டாம். 1706 ஜூலை 9-ந் தேதி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்தார். அச்சுக்கூடம் வந்தது. 1714-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியது. இன்றைக்குப் பேருந்தில் உட்கார்ந்து மாலைப் பத்திரிகை படிக்கிற பழக்கத்துக்கே அந்த மாதிரி அச்சுக்கூடங்கள்தான் ஆரம்பம்.

கடைசியில் என்ன நடந்தது? 1845-ம் ஆண்டு தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டார்கள். கடைச் சரக்கு மாதிரி ஊர் கைமாறியது. ஊர் ஜனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கோட்டையும் மதில் வாசலும் இன்று சுற்றுலா இடம். பழுது பார்த்துப் பாதுகாக்கிறார்கள். நல்லதுதான். அந்தக் கரையில் வாழ்கிற மீனவர் கதை என்ன? 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அப்போது தரங்கம்பாடி இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கோட்டை நின்றது. குடிசைகள் நிற்கவில்லை.

விழா எடுக்கட்டும், கணக்கும் சொல்லட்டும்

கடைக்காரர்களுக்குத் தெரியும். வரவை மட்டும் எழுதி, செலவை மறைத்தால் அது கணக்கு இல்லை. பித்தலாட்டம்!

ஊரின் பிறந்த நாளுக்கும் இதே விதிதான். நவம்பர் 19-ல் விழா எடுக்கட்டும். பந்தல் போடட்டும். கோட்டைக்கு விளக்குப் போடட்டும். கூடவே, கோட்டை வாசலில் நல்ல தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். பொன் ஏடு, அச்சுக்கூடம், பிடிபட்ட வங்காளக் கப்பல்கள், கொள்ளைப் பணத்தில் எழுந்த மதில், அதற்கும் முன்னால் இருந்த சடங்கன்பாடி, சுனாமியில் போன உயிர்கள் எல்லாம் அந்தப் பலகையில் வரட்டும்.

சிவகிரி, நெற்கட்டும்செவல் பக்கத்தில் எடுக்கிற விழாக்களுக்கும் இது பொருந்தும். வாள் வீச்சைச் சொல்லும்போது, வரி கொடுத்து ஓய்ந்த குடியானவனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கொள்ளைக்காரன் வேஷம் கட்ட எத்தனையோ பேர் வருவார்கள். பறிகொடுத்தவன் வேஷம் கட்ட ஆள் வருவதில்லை. அவனுக்காகப் பேச வேண்டியது ஊர்தான்!